ஓவன் இல்லாத வீட்டுக்கும் ஒரு பேக்



பேக் செய்யும் பதார்த்தம் எதையாவது வெளியிட்டால் போதும், "சீஸுக்கும் ஓவனுக்கும் எங்கே போவது?" என்று கடிதங்கள் வந்துவிடும். நியாயமான கேள்விதான். குஜராத்தி வீடுகளில் இதற்கு எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள். அதன் பெயர் ஹாண்ட்வோ.

அரிசியும் பருப்பும் சேர்த்து அரைத்துப் புளிக்கவிட்டு, சுரைக்காய் துருவிப் போட்டுச் சுடுகிற காரமான கேக் இது. சாமான்களைப் பார்த்தால் நம் அடைக்குப் பங்காளி என்று தெரியும். இதைச் சுடுவதற்கென்றே அங்கே நடுவில் துளையுள்ள அலுமினியப் பாத்திரம் உண்டு. அதன் கீழே மணல் நிரப்பிய தட்டு. அடுப்பின் சூட்டை மணல் வாங்கிச் சீராக மேலே அனுப்புவதால் அடி கருகாமல் உள்வரை வேகும்.

அந்தப் பாத்திரம் நம்மிடம் இல்லாவிட்டால் என்ன? அடி கனமான வாணலியும் பொருத்தமான மூடியும் போதும்.

நான்கு பேருக்கு அரிசி 1 டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், துவரம்பருப்பு, உளுந்து தலா கால் டம்ளர். 5 மணி நேரம் ஊறவைத்து, அரை டம்ளர் புளித்த தயிர் விட்டுக் கரகரப்பாகவும் கெட்டியாகவும் அரைத்து, இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் துருவிய சுரைக்காய் ஒன்றரை டம்ளர், இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள்தூள், உப்பு, துளி வெல்லம் சேர்த்துக் கலக்குங்கள். தண்ணீர் வேண்டாம், சுரைக்காயே விட்டுக்கொடுக்கும்.

மாவை இரண்டு ஈடாகச் சுடலாம். ஒவ்வொரு ஈட்டுக்கும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவைக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். வாணலியில் எண்ணெய் காயவைத்துக் கடுகு, எள், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அதன் மேலேயே மாவை ஊற்றி மூடுங்கள். சிறு தீயில் 15 நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். கத்தியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. ஆறவிட்டு வெட்டினால்தான் துண்டு உதிராமல் வரும்.

ஓவன் வைத்திருப்பவர்கள் 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைக்கலாம். 1200 வாட் ஓவன் அதற்குள் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் வரை இழுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்கனம் என்பது எதையும் குறைத்துக்கொள்வதல்ல. அரிசியின் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சாப்பாடு நிறைவாகிறது. சுரைக்காய்தான் வேண்டும் என்றும் இல்லை. கால் துண்டு முட்டைக்கோஸ், வாடத் தொடங்கிய கேரட், ஒரு பிடி வெந்தயக்கீரை என்று கூடையின் அடியில் கிடப்பதெல்லாம் இதற்குள் இடம்பிடித்துவிடும். மிஞ்சியதை மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு முறுகலாக்கினால் மாலைத் தேநீருக்கு ஆயிற்று.

ஒரே ஒரு எச்சரிக்கை: சுரைக்காயைத் துருவும் முன் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு உடம்புக்கு ஆகாது, வேகவைத்தாலும் போகாது.

உங்கள் வீட்டில் மாதக் கடைசியைச் சமாளிக்கும் பதார்த்தம் எது? அளவோடு எழுதி அனுப்புங்கள். 'ஒரு கைப்பிடி' என்று எழுதினாலும் சரிதான். பாட்டி கையா, பேரன் கையா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்