பிறந்தது மெட்ராஸ்... அதுக்கென்ன இப்போ?

சங்கர் பாலசுப்ரமணியன் பெயரை எடுத்தாலே போதும், "சென்னையில் பிறந்த விஞ்ஞானி" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 1966ல் மெட்ராஸில் பிறந்தார், வாஸ்தவம்தான். 1967லேயே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது அய்யா! ஒரு வயசுக் குழந்தைக்கு நம்ம ஊர் என்ன கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்திருக்கும்? கேம்பிரிட்ஜில் அவரும் டேவிட் க்ளெனர்மனும் யோசித்தது 1998ல் சொலெக்ஸா கம்பெனி ஆனது, 2007ல் இல்லுமினா வாங்கியது. இதில் ஆவடி எங்கே, அம்பத்தூர் எங்கே?

பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அவர் என்ன செய்தார் என்று கேட்டால் முழிக்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் ஆரம்பித்தது ஒற்றை மூலக்கூறை ஒளிரவைத்துப் பார்ப்பதில். ஆனால் விற்பனைக்கு வந்த மெஷின், ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும் கொத்துக் கொத்தாக நகலெடுத்துத்தான் படித்தது. நகலெடுத்தால் என்ன குறை என்கிறீர்களா? ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது, படிக்கிறவர்தான் ஊகிக்கவேண்டும். டிஎன்ஏவின் 'சி' எழுத்தில் ஒட்டும் மெத்தில் குறியும் அந்தப் புள்ளி மாதிரிதான். எந்த ஜீன் பேசும், எது வாயை மூடும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. பிசிஆர் நகலில் எழுத்து வரும், புள்ளி வராது. (சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் எங்களுக்கு இது தெரியாதா என்ன :-)) அந்தப் புள்ளிகளைத் தேடித்தான் பாலசுப்ரமணியனே பிறகு போனார். மெத்திலையும் அதன் தம்பி ஹைட்ராக்ஸிமெத்திலையும் பிரித்துக்காட்டும் முறை 2012ல் அவர் குழுவிலிருந்து வந்தது.

நானோபோர் இன்னும் நேரடி. ஒரு புரத ஓட்டை, அதன் வழியே அயனி மின்னோட்டம். டிஎன்ஏ இழை நுழைந்து போகும்போது ஒவ்வொரு எழுத்துக்கூட்டத்துக்கும் மின்னோட்டம் ஒரு மாதிரி மாறும், புள்ளி வைத்த 'சி'க்கு வேறு மாதிரி மாறும். நகலே வேண்டாம். ஆர்என்ஏவையும் டிஎன்ஏவாக மாற்றாமல் அப்படியே படிக்கலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? 2023ல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்டதைப் பாருங்கள். 25 மூளைக்கட்டி ஆபரேஷன்கள், நோயாளி மேஜையில் இருக்கும்போதே மெத்தில் குறிகளைப் படித்து, 18 பேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டி எந்த வகை என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு வெட்டுவது என்பதே அதைப் பொறுத்தது. நாமோ 2021ல் கொரோனா மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அந்த செப்டம்பரில்தான் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் மாநில அரசின் மரபணு ஆய்வகமே திறந்தது.

காசு இல்லை என்பார்கள். 2014ல் வெளிவந்த மினயான் உள்ளங்கை அளவு, ஆரம்பத் தொகுப்பு 1000 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. ஃப்ளோசெல் திரும்பத் திரும்ப வாங்கவேண்டும், அது கையைக் கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். பிழையும் ஆரம்பத்தில் ஏகம். அதற்காக நான்கு வருஷமும் பூந்தமல்லி பக்கத்துக் கல்லூரியில் சாங்கர் முறையைப் படம் வரைந்து பாகம் குறித்தே பட்டம் வாங்கவேண்டுமா? நாலு கல்லூரி சேர்ந்து ஒன்று வாங்கி, சுற்றுக்கு விட்டால் ஆகாதா?

அடுத்த சிம்போசியத்தில் யாராவது மைக்கைப் பிடித்து "சென்னை மண்ணின் மைந்தர்" என்று ஆரம்பித்தால், முதல் வரிசையிலிருந்து எழுந்து இதைத்தான் கேட்கப்போகிறேன்.