சொல்லும் பொருளும்: சலித்தெடுக்கும் சொல் ஒன்று

ஹற்றனில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருவர் தாம் எழுதிய ஆங்கிலக் கட்டுரையொன்றை நமக்கு அனுப்பியுள்ளார். பொருள், மலையக மக்களின் குடியுரிமை வரலாறு. கட்டுரை நன்று. ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை 'டிஸ்கிரிமினேற்றிங்' சட்டம் என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் அதை அடித்து 'டிஸ்கிரிமினேற்றரி' என்று திருத்தினாராம். இரண்டுக்கும் வேற்றுமை காட்டுதல் என்பதுதானே பொருள், இதிற் பிழை யாது என்பது மாணவியின் வினா.

பிழை சிறிதன்று. தாம் கண்டிக்க நினைத்த சட்டத்துக்கு அவர் தம்மை அறியாமலே நற்சான்று வழங்கிவிட்டார்!

இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. சலித்துப் பிரித்தல் என்னும் பொருள்படும் இலத்தீன் வினையினின்று இவை பிறந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடைகளைக் கண்ட மலையக வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உலர்ந்த தேயிலை அவற்றில் ஆடி, பெரிய துகள் வேறு, சிறியது வேறு, தூள் வேறு எனப் பிரிகிறது. அவ்வாறு நுட்பமாகப் பிரித்துத் தரம் அறியும் ஆற்றலுடையவரையே 'டிஸ்கிரிமினேற்றிங்' என்கிறோம். இது புகழ்ச்சிச் சொல்.

தேயிலைச் சுவைஞரைப் பாருங்கள். வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒவ்வொன்றாகக் கரண்டியால் மொண்டு, ஓசையெழ உறிஞ்சி, நாவிற் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு நகர்கிறார். (நம் வீட்டில் அவ்வாறு உறிஞ்சினால் ஏச்சுக் கிடைக்கும்.) இது நுவரெலியா, இது திம்புள்ளை, இது ஊவா என்று அந்த நாக்குச் சொல்லிவிடும். ஆண்டின் முதல் மூன்று மாத வறட்சியிலே திம்புள்ளைத் தேயிலைக்கு வரும் நறுமணத்தையும் அது தவறவிடாது. அத்தகைய நாக்கே 'டிஸ்கிரிமினேற்றிங்' நாக்கு. முற்றலை விடுத்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்களுக்கும் இந்தச் சொல் பொருந்தும். எனினும் அவ்விரல்களைப் பற்றி அவ்வாறு எழுதினாரை நாம் கண்டதில்லை.

'டிஸ்கிரிமினேற்றரி' என்பதோ பாரபட்சமான என்று பொருள்படும். பொருளின் தகுதியை நோக்காது, இன்னாரைச் சேர்ந்தவர் என்பதை நோக்கி ஒதுக்குவது அது. சுவைஞர் தேயிலையின் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் சங்கடந்தான்: 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வளர்த்த செடியின் வமிசமே அசாமைச் சேர்ந்தது!

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் கேட்டது. இத்தீவிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கு பிறந்திருக்க வேண்டும். லயத்திற் பிறந்தவர்கள் இதற்குச் சான்றிதழ் தேட எங்கே போவார்கள்? மறு ஆண்டு பிரஜைகளுக்கே வாக்குரிமை என்றாயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1952இல் ஒருவரும் இல்லை.

ஆயினும் அச்சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் கிடையாது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டம் செல்லாது என அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியது. அதனைப் பற்றிக்கொண்டு கோடகன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. குடியுரிமையை வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரமே என்று 1953இல் அங்கும் வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தார்கள். ஆனால் 'டிஸ்கிரிமினேற்றரி' என்னும் சொல்லை இன்று ஆள்வோர், எழுத்தோடு விளைவையும் நோக்கியே ஆள்கின்றனர். விளைவு யாதெனில், 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் நாடற்றவராய் நின்றனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் கணக்கு முடியவில்லை.

மாணவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க. வினைச்சொல்லுக்குப் பின் 'பிற்வீன்' வந்தால் இரண்டுக்கிடையே வேறுபாடு அறிதல். 'அகெயின்ஸ்ற்' வந்தால் ஒருவருக்கு எதிராகப் பாரபட்சம் காட்டுதல். 'இன்டிஸ்கிரிமினற்' என்பதைப் பாரபட்சமற்ற என்று கொண்டுவிடலாகாது. அதற்குக் கண்மூடித்தனமான என்பது பொருள். கொழுந்தையும் முற்றலையும் ஒன்றாய் உருவிக் கூடையிற் போடுவதைப் போன்றது.

ஆசிரியரின் திருத்தம் சரியே. ஆனால் அடுத்த பக்கத்தில், தேநீரின் தரமறிந்து வாங்கும் வெளிநாட்டாரை மாணவி 'டிஸ்கிரிமினேற்றரி' என்று எழுதியிருப்பது அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. முன்பக்கத்தில் அடிபட்ட சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம்.