52 யூனிட்டில் ஒரு பந்தயம்

பந்தயக் கார் ஓட்டுபவருக்குத் துணிச்சல் போதும் என்று நினைக்கிறீர்களா? மின்சாரக் கார்களின் பந்தயமான ஃபார்முலா-ஈயில் அது போதாது.

2021 ஏப்ரல் 24. ஸ்பெயினின் வாலென்சியா, மழை. ஒவ்வொரு காருக்கும் முதலில் அனுமதித்த ஆற்றல் 52 கிலோவாட்-மணி, அதாவது நம் வீட்டு மின்கணக்கில் 52 யூனிட்! விபத்துகளால் கார்கள் மெதுவாக ஓடிய நேரத்துக்கு ஈடாக, விதிப்படி இதிலும் குறைத்தார்கள். நேரம் முடியுமுன் முதலில் சென்றவர் கோட்டைத் தாண்டிவிட்டதால், மேலும் ஒரு சுற்று ஓட நேர்ந்தது. பல கார்களில் ஆற்றல் தீர்ந்துபோயிற்று. டச்சுக்காரர் நிக் டி விரீஸ் வென்றார். அவ்வாண்டின் உலகப் பட்டமும் அவருக்கே.

இதைக் கேலிக்கூத்து என்பதை நான் ஒப்பமாட்டேன். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே வளைவுக்குச் சற்று முன்பே மிதியிலிருந்து காலை எடுப்பவர் ஆற்றலை மிச்சப்படுத்துகிறார். வேகம் தணிகையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்புகிறது. (முழுவதையும் அன்று, வெப்ப இழப்பைத் தேர்வில் மறந்துவிடாதீர்கள்!) மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இக்கணக்கைப் போடுவதுதான் அவர் தொழில்.

2023-இல் டி விரீஸ் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஃபார்முலா-1க்குச் சென்றார். பத்தே பந்தயங்களில் இடமிழந்தார். 2024-இல் மஹிந்திரா அணியின் மின்சாரக் காருக்குத் திரும்பினார். சிலருக்கு இது சரிவு. எனக்கோ, தம் கணக்கு செல்லுபடியாகும் இடத்துக்கே அவர் வந்துசேர்ந்ததாகப் படுகிறது.