பாவம், அந்த ஸ்விட்ச்!

நெய்வேலியில் 1962-லிருந்து மின்சாரம் தயாராகிறது. பக்கத்துக் குறிஞ்சிப்பாடியானாலும் சரி, சென்னையானாலும் சரி, கதை ஒன்றுதான். ஓவன் போட்டதும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறது. உடனே எலெக்ட்ரீஷியனிடம் 'அதை பைபாஸ் பண்ணிடுப்பா' என்கிறீர்களே, நியாயமா? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துவதுதான் அதன் வேலை. உங்கள் உயிருக்காக!

பெரும்பாலும் கோளாறு ஓவன் ஹீட்டரில். உள்ளே அடைத்த மக்னீசியம் ஆக்ஸைடு மழைக்கால ஈரத்தை உறிஞ்சி, கரன்டைக் கசியவிடும். சிலர் எர்த் பின்னையே வெட்டிவிட்டு, 'இப்ப விழலை சார்' என்பார்கள். எப்படி விழும்? கசிவு ஓவன் தகரத்தில் காத்திருக்கிறது, நீங்கள் தொடும்வரை.

ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஹீட்டரை மெக்கர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மெக்கரா, அது எதுக்கு என்கிறாரா? வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.