காவலரே ஆள்மாறிப் பிடித்தால்...



ஸுபஹுக்கு எழுப்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரளும் வாலிப மகனைச் சோம்பேறி என்று ஏசுகிறோமா? காலையில் இடுப்பு விறைத்து, நடமாடினால் இலேசாகும் வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது முள்ளந்தண்டு அழற்சி நோயாக இருக்கலாம்.

அல்லாஹ் நம் இரத்தத்தில் காவலாக வைத்துள்ள வெண்குழியங்களில் சில, நம் உடலையே தாக்குவதால் வரும் நோய் இது. எதிரியை இனங்காணும் ‘வாங்கி’கள் அவற்றில் உண்டு. நோயாளிகளின் மூட்டு நீரிலும் இரத்தத்திலும் இருந்த குழியங்களை எடுத்து, அவ்வாங்கிகளின் மரபணு எழுத்துகளை அமெரிக்க, பிரித்தானிய ஆய்வாளர்கள் வரிசையாக வாசித்தனர். 2022இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் முடிவு வெளியானது. பலரிடம் ஒரே சாயலான வாங்கிகள் இருந்தன. கிருமியின் துணுக்கையும் உடலின் சொந்தத் துணுக்கையும் அவை பற்றக்கூடியவை!

எனவே, கண்ணூறென்று ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். துஆவும் கேளுங்கள், மூட்டுவாத வைத்திய நிபுணரிடமும் காட்டுங்கள். தாமதித்தால் முள்ளந்தண்டு இறுகிப்போகலாம்.

நிற்க இயலாதவர் இருந்து தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். மார்க்கம் சலுகை கொடுத்த நோயாளிக்கு நாம் ஏச்சைக் கொடுக்கலாமா?