சான்றிதழ் சுவரில், மருந்தாளுநர் எங்கே?

மருந்துக் கடை மற்றக் கடைகளைப் போன்றதன்று. ஜவுளிக் கடையில் ஏமாந்தவன் பணத்தை இழக்கிறான். மருந்துக் கடையில் ஏமாந்தவன் உயிரையே இழக்க நேரிடலாம். இவ்வித்தியாசத்தை உத்தேசித்தே, டாக்டர் எழுதிய சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவருடைய நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்கவேண்டுமென்று சட்டம் விதித்திருக்கிறது. அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் தொங்குவதைத் தேசமெங்கும் காண்கிறோம். ஆனால் சான்றிதழுக்கு உரியவர் எங்கே என்று கேட்டால், எத்தனையோ கடைகளில் தக்க பதில் கிடைப்பதில்லை. அவர் தமது சான்றிதழை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறோர் ஊரில் வேறு வேலை பார்க்கிறார். நோயாளி நீட்டும் சீட்டை வாங்கிப் படிப்பவன் அத்தொழிலைப் படித்தறியாத ஒரு பையன். இக்கேடு தூத்துக்குடிக்கு மாத்திரம் உரியதன்று. எனினும் இதை ஒழிக்கும் வேலை தூத்துக்குடியிலிருந்தே தொடங்கட்டும் என்பதே நமது வாதம்.

இச்சட்டம் எளிதில் வந்ததன்று. அந்நிய ஆட்சியில் தரங்கெட்ட மருந்துகள் தடையின்றி இந்நாட்டில் வந்து குவிந்தன; மலேரியாவுக்குரிய கொயினாவிலும் கலப்படம் புகுந்தது. ஜனங்களின் கூக்குரல் மிகுந்த பின்னரே, 1930-ஆம் வருஷத்தில் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் விசாரணைக் கமிட்டி நியமிக்கப்பட்டது. மருந்துகளின் தரத்தைக் காக்கவும், மருந்து கொடுப்போரின் கல்வியையும் தொழிலையும் ஒழுங்குபடுத்தவும் சட்டம் வேண்டுமென்று அக்கமிட்டி வற்புறுத்திற்று. 1932-இல் மகாதேவ லால் ஷ்ராப் காசி ஹிந்து சர்வகலாசாலையில் மருந்தியல் கல்விக்கு அடிகோலினார். மருந்துச் சட்டம் 1940-இலும், மருந்தாளுநர் சட்டம் 1948-இலும் வந்தன. கம்பவுண்டர் என்று அலட்சியமாக அழைக்கப்பட்டவர், படிப்பும் பதிவும் பொறுப்புமுள்ள தொழிலாளராகச் சட்டத்தின் முன் நின்றது, தேசம் சுதந்திரமடைந்த மறு வருஷத்திலேதான்.

ஆயினும், பதிவுபெறாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கலாகாதென்று கூறும் 42-ஆவது பிரிவு, அந்தந்த மாகாண சர்க்கார் குறிக்கும் நாள் முதலே அமுலாகுமென்று எழுதப்பட்டது. நாள் குறியாத மாகாணங்களுக்குப் பிற்காலத்தில் திருத்தங்களின்மூலம் கடைசித் தவணை வைக்கவேண்டியதாயிற்று. அத்தவணை முடிந்தது 1984-இல். கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு முப்பத்தாறு வருஷம் சுவாதீனம் கொடாமலிருந்த கதைதான் இது! அதன் பிறகும் நாற்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. பீகார் வழக்கொன்றில் 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், பதிவுபெற்ற மருந்தாளுநரின்றியும் போலி மருந்தாளுநரைக் கொண்டும் ஆஸ்பத்திரிகளையும் மருந்தகங்களையும் நடத்துவது பிரஜைகளின் ஆரோக்கியத்தைக் கெடுக்குமென்று கண்டித்தது. சட்டம் தெளிவாயிருக்கிறது, தீர்ப்பும் தெளிவாயிருக்கிறது. கடையில் ஆள்தான் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்போருக்கு நமது உப்பளங்களைக் காட்டுவோம். சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று உழைக்கும் பெண்ணொருத்தி, மாலையில் உடம்பு வலிக்கிறதென்று கடைக்கு வருகிறாள். பையன் டைக்ளோபினாக் மாத்திரை நான்கு எடுத்துக் கொடுக்கிறான். வலி நீங்குகிறது, மறு நாளும் வருகிறாள், மாதக்கணக்கில் வருகிறாள். வியர்த்து நீர் வற்றிய உடலில் இத்தகைய வலி மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதைப் படித்தவர் அறிவர், பையன் அறியான். மருந்தாளுநர் இருந்தால், “அம்மா, இதைத் தினந்தோறும் தின்னலாகாது; முதலில் தண்ணீர் குடியுங்கள்; நாளைக் காலையில் டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லுவார். அந்த மூன்று வார்த்தைகளுக்கு விலையில்லை. ஆயினும் அவையும் மருந்தே. நோயாளிக்கு இவ்விதம் எடுத்துரைப்பது மருந்தாளுநரின் கடமையென்று 2015-ஆம் வருஷத்திய தொழில் விதிகளே கூறுகின்றன.

சென்ற 2025-ஆம் வருஷத்து அனுபவத்தையும் மறக்கலாகாது. காஞ்சிபுரம் ஜில்லா சுங்குவார்சத்திரத்தில் செய்யப்பட்ட கோல்ட்ரிப் என்ற இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாராவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் அம்மருந்தில் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகத் தமிழ்நாட்டுப் பரிசோதனைச் சாலையே கண்டது. தமிழ்நாட்டின் பெயருக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வேண்டுவதில்லை. புட்டியைப் பார்த்து விஷத்தைக் கண்டுபிடிக்க எந்த மருந்தாளுநராலும் ஆகாது, முதற்குற்றம் ஆலையினுடையது, அதைச் சோதியாமல் விட்டவர்களுடையது. ஆனால் அம்மருந்தில் சேர்ந்திருந்த குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் என்ற இரண்டின் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருந்தது. குழந்தைக்கு வயதென்ன என்று கேட்கவும், சீட்டெழுதிய டாக்டரிடமே சந்தேகத்தைத் தெரிவிக்கவும் உரிமையும் கல்வியும் உள்ளவர் மருந்தாளுநர். டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள கடைசிக் காவல் அவர். அக்காவலை நீக்கிவிட்டுக் காகிதத்தைக் காவல் வைத்திருக்கிறோம்.

நமது கரையில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவன் அதிர்ஷ்டம்; இல்லாவிட்டால் அவன் தலைவிதி. 1961-உடன் அக்குளிப்பு நின்றுபோயிற்று. மருந்து வாங்கும் ஏழை மட்டும் இன்றும் திறக்காத சிப்பியையே ஏலத்தில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

துறைமுகப் பட்டினத்துக்கு இன்னுமொரு பொறுப்புண்டு. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் இது. இலங்கை மருந்தின்றித் தவித்த 2022-ஆம் வருஷத்து ஜூன் மாதத்தில், அரிசியுடனும் பால்மாவுடனும் 38 டன் மருந்தையும் ஏற்றிக் கப்பல் புறப்பட்டதும் இங்கிருந்தே. அதே கடலில், பீடி இலையுடனும் மஞ்சளுடனும் போதைக்காக மாத்திரைகளைக் கள்ளத்தனமாகக் கடத்துவோர் பிடிபடுகிறார்கள் என்ற செய்தியும் அடிக்கடி வருகிறது. அம்மாத்திரைகள் மரத்தில் காய்த்தவையல்ல; எங்கோ ஓர் ஆலையில் செய்யப்பட்டு, எங்கோ ஒரு கணக்கிலிருந்து நழுவியவை. 46 மருந்துகளைத் தனி அட்டவணையில் சேர்த்து, எழுதிய டாக்டர் பெயர், வாங்கியவர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனி ரிஜிஸ்தரில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டுமென்று 2014 மார்ச் முதல் விதி அமுலிலிருக்கிறது. மருந்தாளுநர் இல்லாத கடையில் அந்த ரிஜிஸ்தரை யோக்கியமாக எழுதுவது யார்?

மருந்தாளுநர்களுடைய முறையீட்டையும் நியாயமாகக் கேட்கவேண்டும். வருஷக்கணக்கில் பணம் கட்டிப் படித்துவிட்டு வரும் இளைஞனுக்குக் கடைக்காரர் கொடுக்கும் சம்பளம், பெட்டி தூக்கும் ஆளின் கூலிக்கு அதிகமில்லையென்றால், அவன் சான்றிதழை மாட்டிவிட்டு வேறு பிழைப்பைத் தேடுவதில் ஆச்சரியமென்ன? கடைக்காரரோ, விலைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளில் தமக்கு நூற்றுக்குப் பதினாறே லாபம் என்கிறார். பிரிட்டனில் மருந்துச் சீட்டிலுள்ள ஒவ்வொரு மருந்துக்கும் சர்க்கார் மருந்தகத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்கிறார்கள். இங்கோ மருந்தாளுநரின் அறிவுக்குக் காலணாவும் கிடையாது, டப்பாவுக்கே விலை. இக்குறை தீரவேண்டியதுதான். ஆனால் குறையைக் காட்டிக் குற்றத்தை மறைக்க முடியாது. தன் பெயரை வாடகைக்கு விட்டவன், தன்னுடன் படித்த நூறு பேருடைய சம்பளத்தையும் தானே குறைத்தவனாகிறான். ஆளின்றிச் சான்றிதழ் மலிவாகக் கிடைக்கும்வரையில், ஆளுக்கு எவன் உரிய கூலி கொடுப்பான்?

ஆகவே நாம் கோருவன இவை. மருந்து இன்ஸ்பெக்டர்கள் சுவரைப் பார்ப்பதை விட்டு ஆளைப் பார்க்கட்டும். மருந்தாளுநரின் படமும் அவர் கடையிலிருக்கும் நேரமும் வாசலில் தெரியும்படி எழுதப்படட்டும். சான்றிதழை வாடகைக்கு விடுவோரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்க 1948-ஆம் வருஷத்துச் சட்டமே கவுன்சிலுக்கு வழி வகுத்திருக்கிறது. அவ்வழியில் தயங்காமல் செல்லட்டும். மருந்தாளுநர்களுக்குக் கௌரவமான குறைந்தபட்சச் சம்பளத்தைச் சர்க்கார் நிர்ணயிக்கட்டும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டு, மருந்தியல் படித்தோருக்கு மூன்று லட்சம் ரூபாய் மான்யமும் ஏற்பாடாயிற்று. படித்தவனே கடைக்கும் உடையவனானால் வாடகைச் சான்றிதழுக்கு இடமேது? இவ்வழியைத் திரேஸ்புரம் போன்ற கடற்கரைக் குப்பங்களுக்கும் உப்பளத் தொழிலாளர் வசிக்கும் கிராமங்களுக்கும் விஸ்தரிக்க வேண்டும்.

கடைசியாகப் பொது ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. பொது வேலையில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்கள் பெரிய அதிகாரிகளிடம் கேள்வி கேட்க அஞ்சாதவர்கள். அவர்கள் நாளைக்கு மருந்து வாங்கப் போகும்போது, “இங்கே மருந்தாளுநர் யார்? அவரைப் பார்க்கவேண்டும்” என்று கேட்கட்டும்; ரசீதும் கேட்டு வாங்கட்டும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். நூறு பேர் கேட்டால் நாற்காலி போட்டு மருந்தாளுநரை உட்கார வைப்பார். முப்பத்தாறு வருஷம் தவணை சொன்ன சட்டத்தை ஜனங்களின் கேள்வியே இனி அமுல் நடத்தவேண்டும்.