கேட்டது சர்க்கரை... வேண்டியது உப்பு!

மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரியவர் ஒருவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆர். சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. பிழைத்து வீடு திரும்பிவிட்டார், காயமும் ஆறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவர், ‘‘சர்க்கரை குடு’’ என்கிறார். மனைவி சர்க்கரை டப்பாவை நீட்டினால் கோபமாகத் தள்ளிவிடுகிறார். அவருக்கு வேண்டியது உப்பு!

‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். அது தவறு. குழம்பில் உப்பு குறைவு என்பது அவருக்குத் தெரிகிறது. சரியான சொல்தான் நாக்குக்கு வரவில்லை. இதற்கு ‘அஃபேசியா’ என்று பெயர். பக்கவாதத்தால்தான் இது அதிகம் வருகிறது, தலைக்காயத்தாலும் வரும்.

பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பாதி. 1861-ல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒரே ஓசைதான் பதில். ஆனால், மற்றவர்கள் பேசுவது பெருமளவு அவருக்குப் புரிந்தது. அவர் இறந்தபின் பார்த்தபோது, மூளையின் இடது முன்பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விளக்கினார். இதில் பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது.

தலைக்காயம் கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவற்றையும் பாதிக்கலாம். பாத்தியில் தண்ணீர் விடுவது, உப்பு வாருவது, கரையில் குவிப்பது... தனித்தனியாகச் செய்யத் தெரியும். எதற்குப் பின் எது என்பது குழம்பும். நாலு பேர் சேர்ந்து பேசினால் பின்தொடர முடியாது. பார்க்க நன்றாக இருப்பதால், ‘சோம்பேறி’ என்ற பட்டம்தான் மிஞ்சும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* டி.வி-யை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது.

* பொருளைக் காட்டி, ‘இதுவா, அதுவா?’ என்று கேளுங்கள்.

* அவர் சொல்லைத் தேடும்போது காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே முடிக்காதீர்கள்.

* குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள். வீட்டு முடிவுகளில் அவரையும் கேளுங்கள்.

மருத்துவர் ஆலோசனையோடு ஸ்பீச் தெரபியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெல்ல மெல்லத் தொடரலாம்.

விபத்து நடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சையை அரசின் செலவில் பெறலாம். அடி எதுவும் படாமலே திடீரென்று பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் ஹெல்மெட் போடுங்கள்.

அடுத்த முறை அவர் ‘சர்க்கரை’ என்றால், உப்பையும் சேர்த்து நீட்டுங்கள். எது வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும்.